மீதி மூன்று பலகைகள்

சதுரங்கச் செய்தி எழுதுகிறவர்களுக்கும் நேரலையில் வர்ணனை செய்கிறவர்களுக்கும்,

வணக்கம். 2024 செப்டம்பர் 21 அன்று புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாடில், நாட்டுக்கு நான்கு பேர் நான்கு பலகைகளில் மோதுகிற அணிப் போட்டியில், பத்தாவது சுற்று நடந்தது. பெண்கள் பிரிவில் இந்தியா சீனாவை 2.5–1.5 என்று வென்றது. அன்றிரவும் மறுநாளும் கண்ணில் பட்ட செய்திகளையெல்லாம் படித்தேன். திவ்யா தேஷ்முக் நி ஷிகுனை வென்றார் என்பது எல்லாவற்றிலும் இருந்தது. இருக்கத்தான் வேண்டும், அந்த மோதலின் ஒரே வெற்றி அது. அதற்கு அடுத்த வரி அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றே: மற்ற மூன்று ஆட்டங்களும் டிராவில் முடிந்தன.

மூன்று ஆட்டங்கள், ஆறு பேர், பல மணி நேரம். எல்லாம் ஐந்து சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். இந்தியா எடுத்த இரண்டரைப் புள்ளியில் திவ்யாவிடமிருந்து வந்தது ஒன்று. மீதி ஒன்றரை ஹரிகா, வைஷாலி, வந்திகா மூவரும் ஆளுக்கு அரையாகக் கொண்டுவந்தது. அதாவது பெரிய பங்கு டிராக்களுடையது. எட்டாவது சுற்றில் போலந்திடம் தோற்று, ஒன்பதாவதில் அமெரிக்காவுடன் 2–2 என்று நின்றுவிட்டு, பத்தாவதில் சீனாவை எதிர்கொண்ட அணி அது. அந்த மூன்று பலகைகளில் ஒன்று சரிந்திருந்தாலும் திவ்யாவின் வெற்றி 2–2க்குத்தான் உதவியிருக்கும். மறுநாள் அஜர்பைஜானை 3.5–0.5 என்று வென்று 19 அணிப் புள்ளிகளோடு (அணி வென்றால் இரண்டு, சமன் என்றால் ஒன்று) தங்கம் வாங்கினார்கள். இரண்டாம் இடம் வந்த கஜகஸ்தானுக்கு 18. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. சீனாவோடு 2–2 ஆகியிருந்தால் அந்த ஒரு புள்ளியும் இருந்திருக்காது.

சரி, அந்த மூன்று டிராக்கள் எப்படி வந்தன? யார் முதலில் முடித்தார்? டிராவை யார் கேட்டது? கேட்டபோது மற்ற பலகைகள் எப்படி இருந்தன? இதையெல்லாம் செய்தியிலிருந்து தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது பழைய கோபம், உங்களில் பலர் எழுத வருவதற்கு முந்தையது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி நாட்களில் பெண்கள் அணிப் போட்டி ஒன்றில் மூன்றாம் பலகையில் ஆடினேன். அது அரையிறுதி. எங்கள் முதல் பலகைக்காரி வேகமாக வென்றுவிட்டாள். நான்காவது பலகை டிரா. ஆக எங்களுக்கு ஒன்றரை, அவர்களுக்கு அரை. இரண்டாம் பலகையில் எதிர் நிற பிஷப்புகளோடு ஒரு எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், ஓடிக்கொண்டிருந்தது. அது டிராவாகப் போகிறது என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். என் பலகையில் ஆளுக்கொரு யானை, சில சிப்பாய்கள். எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். கடிகாரத்தில்தான் எனக்கு நேரம் குறைவு. பழைய முள் கடிகாரம் அது, நகர்த்தலுக்கு முப்பது விநாடி கூட்டித் தருகிற வசதியெல்லாம் கிடையாது.

எங்கள் கேப்டன் அக்கா பின்னால் வந்து நின்றார். நடுவர் காதில் விழும்படி, "டிரா கேட்கலாமாக்கா?" என்றேன். "கேள்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் சொல்லக்கூடாது, சொல்லவும் இல்லை. யானையை நகர்த்தினேன், "டிரா?" என்றேன், கடிகாரத்தைத் தட்டினேன், நகர்த்தல்களை எழுதுகிற ஸ்கோர்ஷீட்டில் சமக்குறி போட்டேன்.

எதிரில் இருந்த பெண் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாள். சாதாரணப் போட்டியாக இருந்தால் சட்டென்று கையை நீட்டியிருப்பாள். இங்கே அவள் தலையைத் திருப்பி இரண்டாம் பலகையைப் பார்த்தாள், பிறகு தன் கேப்டனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டி மறுத்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. இரண்டாம் பலகையும் எங்கள் பலகையும் டிரா ஆனால் எங்களுக்கு இரண்டரை, அவர்கள் வெளியே. பின்தங்கி இருக்கிறவள் டிராவை மறுக்கிறாள், முன்னால் இருக்கிறவள் டிராவுக்கு ஏங்குகிறாள். தனிநபர் ஆட்டத்தில் இதைப் பார்ப்பது அபூர்வம்.

அதன் பிறகு நடந்த முப்பது நகர்த்தல்களும் இன்றுவரை நினைவில் இருக்கின்றன. அவள் சும்மா இருக்கவில்லை. ராஜாவை வெளியே இழுத்து வந்து, சிப்பாய்களைத் தள்ளி, எனக்கு யோசிக்க நேரமில்லை என்று தெரிந்தே ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு புதுக் கேள்வி வைத்தாள். என் அதிகச் சிப்பாயை நானே திருப்பிக் கொடுத்தேன். வெல்ல ஒரு வழி இருந்திருக்கலாம், நான் தேடவில்லை. தேடியிருந்தால் முட்டாள்தனம். யானைகள் மாறின, கடைசியில் அவளுடைய கடைசிச் சிப்பாயை என் ராஜா தின்றது. பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நின்றன. நடுவர் வந்து பார்த்துத் தலையசைத்தார். நான் ஆடிய ஆட்டங்களிலேயே கடினமான அரைப் புள்ளி அது.

மறுநாள் ஒரு செய்தித்தாளில் எங்கள் வெற்றி வந்திருந்தது. முதல் பலகைக்காரியின் பெயர் இருந்தது. அவளுடைய ஓப்பனிங் பெயர்கூட இருந்தது, தப்பாக. அப்புறம், "மற்ற ஆட்டங்கள் டிராவில் முடிந்தன." வீட்டுக்கு வந்த சித்தப்பா, "நீ ஜெயிச்சியா, தோத்தியா?" என்றார். டிரா என்றேன். "ஓ, அப்ப ஒண்ணும் ஆகலையா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்த செய்தி அவருக்குச் சொன்னதைத்தான் அவர் என்னிடம் சொன்னார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அணி ஆட்டத்தில் டிரா என்பது ஒரு பலகையின் கதை மட்டும் அல்ல, நான்கு பலகைகளின் கதை ஒரு பலகையில் வந்து முடிகிற இடம். ஸ்கோர்ஷீட்டை மட்டும் பார்த்தால் அது தெரியாது. நான் ஒரு சிப்பாய் முன்னால் இருந்து டிரா செய்தேன் என்று நகர்த்தல்களைப் பார்க்கிறவர் சொல்வார், "வெல்ல வேண்டியதை விட்டுவிட்டாள்" என்பார். நேரலையில் இன்று பக்கத்தில் ஓடுகிற, யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டுகிற கணினியின் மதிப்பீட்டுப் பட்டையும் அதையேதான் சொல்லும்.

அந்தப் பட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது வந்தபிறகு வர்ணனை செய்வது சுலபமாகிவிட்டது, டிராவைப் புரிந்துகொள்வது கஷ்டமாகிவிட்டது. பட்டை கொஞ்சம் வெள்ளைப் பக்கம் சாய்ந்திருக்கும்போது கைகுலுக்கினால், "ஏன் நிறுத்தினார்?" என்று கேட்கிறீர்கள். பட்டை நடுவில் அசையாமல் நின்றால், "இங்கே ஒன்றும் இல்லை" என்று அடுத்த பலகைக்குத் தாவுகிறீர்கள். இரண்டும் தவறு. யானையும் பிஷப்பும் ஒரு பக்கம், வெறும் யானை மறுபக்கம் என்று ஒரு எண்ட்கேம் உண்டு. புத்தகப்படி பெரும்பாலும் அது டிரா, கணினியும் சைபர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஐந்தாவது மணி நேரத்தில், கடிகாரத்தில் ஒரு நிமிடமும் கூட்டிக் கிடைக்கிற விநாடிகளும் மட்டும் வைத்துக்கொண்டு, ஐம்பது நகர்த்தல் அதைத் தாக்குப்பிடிக்க வேண்டியவரைக் கேட்டுப் பாருங்கள். பெரிய கிராண்ட்மாஸ்டர்களே அதில் தோற்றிருக்கிறார்கள். காயும் வெட்டப்படாமல் சிப்பாயும் நகராமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா கோரலாம் என்ற விதி அவருக்கு ஒரு கரை மாதிரி. ஒவ்வொரு நகர்த்தலையும் எண்ணிக்கொண்டு நீந்துகிறார். பட்டையில் இது எதுவும் தெரியாது. ஒலிம்பியாடில் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், அதற்கப்புறம் 30 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் என்ற கணக்கில் ஆட்டம் ஐந்து ஆறு மணி நேரம்கூடப் போகும். சாயங்காலம் அரங்கம் காலியாகும்போது கடைசியாக மீந்திருக்கிற பலகைகளில் இப்படி ஒன்று அடிக்கடி இருக்கும்.

கேப்டனைப் பற்றியும் நீங்கள் எழுதுவதே இல்லை. அணிப் போட்டிகளில் கேப்டனுக்கு இருக்கிற அதிகாரம் விசித்திரமானது. நிலை எப்படி என்று அவர் பேசக்கூடாது, காயைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. ஆனால் "டிரா கேள்", "டிராவை ஒத்துக்கொள்" என்று சொல்லலாம். ஆடுகிறவர் "ஒத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லலாம், முடிவை அவரிடமே விட்டுவிடலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் நான்கு பலகைகளையும் தலைக்குள் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தியப் பெண்கள் அணிக்கு 2022 சென்னை ஒலிம்பியாடிலும் 2024 புடாபெஸ்டிலும் கேப்டனாக இருந்தவர் அபிஜித் குந்தே. ஒரு முறை வெண்கலம், ஒரு முறை தங்கம். எந்தச் சுற்றில், எந்தப் பலகையில், எப்போது "கேள்" என்றார், எப்போது "வேண்டாம், ஆடு" என்றார் என்று அவரிடம் ஒருவராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன். பதக்கத்தோடு எடுத்த படத்துக்குக் கீழே பெயரைப் போடுவதோடு அவருடைய வேலை முடிந்துவிடவில்லை.

அரைப் புள்ளியின் எடை என்னவென்று சந்தேகம் இருந்தால் 1988க்குப் போவோம். தெசலோனிகி ஒலிம்பியாட். அதுவரை பெண்கள் ஒலிம்பியாடில் தான் கலந்துகொண்ட ஒவ்வொரு முறையும் தங்கத்தோடு திரும்பிய சோவியத் யூனியனை ஹங்கேரி பின்னுக்குத் தள்ளிய வருடம். போல்கர் சகோதரிகள் மூவரும் இல்டிகோ மாடலும் சேர்ந்த அணி. பன்னிரண்டு வயது ஜூடித் 13 ஆட்டங்களில் 12.5 எடுத்தார். இதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், எழுதிக்கொண்டே இருப்பார்கள். பன்னிரண்டு வெற்றி, ஒரு டிரா. சரி, கடைசிப் பட்டியலைப் பாருங்கள்: ஹங்கேரி 33, சோவியத் யூனியன் 32.5. அரைப் புள்ளி! அந்தக் காலத்தில் ஒவ்வொரு பலகையின் புள்ளியையும் மொத்தமாகக் கூட்டித்தான் பதக்கம் கொடுத்தார்கள். அப்படியென்றால் ஹங்கேரிப் பெண்கள் அந்தப் பதினான்கு சுற்றுகளில் காப்பாற்றிய எந்த ஒரு டிராவையும் எடுத்து, அது தோல்வியாகியிருந்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் அவர்களுக்கு மட்டும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போயிருக்கும். ஜூடித் வெல்லாத அந்த ஒரே ஆட்டமும் அந்த டிராக்களில் ஒன்று. பன்னிரண்டு வெற்றிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்த ஒரு டிராவைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

2008 டிரெஸ்டனிலிருந்து கணக்கு மாறியது. அணி வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. பெண்கள் பிரிவில் மூன்று பலகைகள் நான்காகின. இதனால் டிராவின் குணமே மாறிப்போனது என்பது என் எண்ணம். முன்பு எந்த டிராவும் எப்போதும் அரைதான். இப்போது 1.5–1.5 என்று நிற்கும்போது கடைசிப் பலகையில் வருகிற டிரா ஒரு எடை, 2–1 என்று முன்னிலையில் இருக்கும்போது வருகிறது வேறு எடை, 1–2 என்று பின்தங்கும்போது அதே டிரா தோல்விக்குச் சமம். அதே ஆட்டம், அதே நகர்த்தல்கள், அதே கைகுலுக்கல்தான், ஆனால் ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள். ஏன் என்று சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

ஜெயித்து முடித்த மோதலில்கூட அரைப் புள்ளிக்கு மதிப்பு உண்டு. சென்னை ஒலிம்பியாடில் உக்ரைனும் ஜார்ஜியாவும் 18 புள்ளிகளோடு சமமாக நின்றன. சமன்முறிவுக் கணக்கில் உக்ரைனுக்குத் தங்கம். நாம் மோதிய அணி மொத்தத்தில் எடுத்த புள்ளியை, அந்த அணிக்கு எதிராக நாம் பலகைகளில் எடுத்த புள்ளியால் பெருக்கிக் கூட்டுவது அந்தக் கணக்கு. ஆக 3–1 என்று வெல்வதும் 3.5–0.5 என்று வெல்வதும் ஒன்றல்ல. அணி ஏற்கெனவே வென்றுவிட்ட பிறகும் ஒருத்தி மோசமான நிலையில் இரண்டு மணி நேரம் போராடி டிரா எடுத்தால், வெட்டி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 பதுமியில் சீனாவும் உக்ரைனும் 18 புள்ளிகளில் சமம். கடைசிச் சுற்றில் சீனா ரஷ்யாவோடு 2–2 என்று தப்பித்தது, ஜூ வென்ஜுன் அலெக்சாண்ட்ரா கொஸ்தெனியுக்கை வென்றதால். அந்தச் சமன் இல்லாமல் சீனாவுக்குத் தங்கம் இல்லை. 2012 இஸ்தான்புல்லில் ரஷ்யாவும் சீனாவும் 19 புள்ளிகளில் சமம், அங்கும் சமன்முறிவுதான். இத்தனை தடவை கால் அரையில் தீர்மானமாகிற ஒரு போட்டியில் அரைப் புள்ளிகளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத இடமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆண்கள் டிரா செய்தால் நீங்கள் பயன்படுத்துகிற சொற்களும் பெண்கள் டிரா செய்தால் பயன்படுத்துகிற சொற்களும் வேறு வேறு. பெரும்பாலும் ஆண்களே ஆடுகிற திறந்த பிரிவில் ஒருவர் கறுப்புக் காய்களோடு அமைதியாக டிரா செய்தால் "கச்சிதமான தயாரிப்பு", "தொழில்முறை ஆட்டம்". பெண்கள் பிரிவில் அதே ஆட்டம் "பாதுகாப்பாக ஆடினார்", "ரிஸ்க் எடுக்கத் தயங்கினார்". திறந்த பிரிவில் தோற்கவேண்டிய நிலையிலிருந்து மீண்டால் "இரும்புத் தடுப்பு". பெண்கள் பிரிவில் "எதிராளியின் தவறால் தப்பித்தார்". இன்னொரு பக்கம், பெண்கள் ஆட்டங்களில் டிரா குறைவு, ஏனென்றால் தப்பு அதிகம் என்று வர்ணனையில் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். வென்றால் எதிராளி தப்பு செய்தாள், டிரா செய்தால் துணிச்சல் இல்லை. இந்தக் கணக்கில் பெண் எப்போது நன்றாக ஆடினாள் என்று எழுதுவீர்கள்? வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று நினைக்கவில்லை. பழக்கம். ஒரு மாதம் உங்கள் வர்ணனையை நீங்களே திரும்பக் கேட்டுப் பாருங்கள், எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சென்னையில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்து ஆடினார். அவர் எப்படி உட்கார்ந்தார், என்ன சாப்பிட்டார், மருத்துவர் என்ன சொன்னார் என்றெல்லாம் விவரமாகப் படித்தோம். அவர் எப்படி ஆடினார் என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது. பெண்கள் உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில் மூன்று முறை, 2012, 2015, 2017, வெண்கலம் வென்றவர் அவர். வலுவான எதிராளி வந்து உட்காரும் பலகையில் அசைக்க முடியாமல் நிற்பது அவருடைய கலைகளில் ஒன்று. அந்தக் கலையைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லாததால் வயிற்றைப் பற்றி எழுதினோம்.

எல்லா டிராவும் போர்க்களம் என்று நான் சொல்ல வரவில்லை. சோம்பேறி டிரா உண்டு. இரண்டு அணிக்கும் 2–2 போதும் என்ற நிலையில் கணக்குப் பார்த்துக் கைகுலுக்குவது உண்டு. அதற்காகத்தான் ஒலிம்பியாடில் முப்பது நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்யக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம் என்ற விதியும் இருக்கிறது. அதற்கு முப்பதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மனமிருந்தால் பதினெட்டாவது நகர்த்தலிலேயே காய்களை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு எழுந்து போகலாம். அப்படி நடந்தால் அதையும் எழுதுங்கள், தயவு பார்க்காமல் எழுதுங்கள். இந்த டிரா சோம்பேறித்தனம், அந்த டிரா உழைப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது இரண்டும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடக்கின்றன.

நார்வே செஸ் போட்டியைப் போல டிரா ஆனதும் உடனே ஆர்மகெடான் என்கிற அதிவேகத் தீர்மான ஆட்டம் வைத்து ஒரு வெற்றியாளரை முடிவு செய்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே 2024 முதல் பெண்களுக்கும் அதே முறை, அதே பரிசுத் தொகை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தனிநபர் போட்டி. நான்கு பலகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஆடுகிற அணிப் போட்டியில் அதைக் கொண்டுவந்தால் நான் மேலே சொன்ன எல்லாமே போய்விடும். டிராவை ஒழித்துவிட்டால் செய்தி எழுதுவது சுலபமாகும், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு பத்தி போதும். மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன், பெயர் இல்லாமல்:

"முதலில் முடிந்தது நான்காம் பலகை. கறுப்பில் ஆடியவர் 34-வது நகர்த்தலில் டிரா கேட்டார், எதிராளி பத்து நிமிடம் யோசித்து ஒத்துக்கொண்டார். அப்போது இரண்டாம் பலகையில் தங்கள் அணி ஒரு குதிரை முன்னால் இருப்பதை டிரா கேட்டவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டாம் பலகை எதிர்பார்த்தபடி வெற்றி. முதல் பலகையில் தரவரிசையில் தன்னைவிட உயர்ந்தவரை எதிர்த்து ராணிகளைச் சீக்கிரமே மாற்றிக்கொண்டு டிரா. ஆக 2–1. எல்லாம் மூன்றாம் பலகையின் மீது வந்து விழுந்தது. அங்கே இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தவர் ராஜாவை மூலையில் ஒளித்து, யானையால் விடாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 71-வது நகர்த்தலில் அதே நிலை மூன்றாவது முறை வந்ததும் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டார். அணி வென்றது."

எண்ணிப் பார்த்தால் எழுபது, எண்பது வார்த்தை. எந்த வரிசையில் முடிந்தன, யார் கறுப்பு, யார் கேட்டது, கேட்டபோது நிலவரம் என்ன என்பதெல்லாம் இதற்குள் வந்துவிட்டது. டிரா கேட்டால் ஸ்கோர்ஷீட்டில் சமக்குறி போட வேண்டும் என்பது விதி, ஆகவே யார் எப்போது கேட்டார் என்று அங்கேயே இருக்கும், ஆடியவரிடம் கேட்டாலும் சொல்வார். கறுப்பா வெள்ளையா என்பதைத் தயவுசெய்து விடாதீர்கள். ஒரு அணிக்கு ஒன்று, மூன்று பலகைகளில் ஒரு நிறம் என்றால் இரண்டு, நான்கில் மறு நிறம். கறுப்பில் இரண்டு டிரா, வெள்ளையில் ஒரு வெற்றி என்பது பல அணிகள் காலையில் அறையில் உட்கார்ந்து போடுகிற திட்டமே. திட்டம் போட்டபடி நடந்ததை "சமாளித்தார்" என்று எழுதினால் அந்த அறையில் இருந்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

வர்ணனையாளர்களிடம் தனியாக ஒன்று. மின்னணுப் பலகைகளில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுக்கட்டங்களுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், முடிவு என்னவென்று கணினிக்குத் தெரிவதற்காக. வெள்ளை வென்றால் இரண்டும் வெள்ளைக் கட்டத்தில். கறுப்பு வென்றால் இரண்டும் கறுப்பில். டிரா என்றால் ஒன்று வெள்ளைக் கட்டம், ஒன்று கறுப்புக் கட்டம், இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர். உங்கள் திரையில் ராஜாக்கள் அப்படிக் குதித்து நின்ற அடுத்த நொடி நீங்கள் அந்தப் பலகையை விட்டுப் போய்விடுகிறீர்கள். போகாதீர்கள். இன்னும் அரை நிமிடம் இருங்கள். கைகுலுக்கிய கையோடு ஆடியவர்கள் இருவரும் பலகைமேல் குனிந்து, விரலால் கட்டங்களைக் காட்டித் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவார்கள். யார் எதற்குப் பயந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

என் அரையிறுதியில் அந்தப் பெண்ணும் அப்படித்தான் குனிந்தாள். "டிரா கேட்டீங்களே, அப்ப ஜெயிக்க வழி இருந்துச்சு, பார்த்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். யானையை எடுத்து ஏழாவது வரிசையில் வைத்துக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. "நான் அதைப் பார்த்துட்டேன். நீங்க ஆடிடுவீங்களோன்னு கை நடுங்கிச்சு. நீங்க டிரா கேட்டதும் உயிர் வந்துச்சு, ஆனா ஒத்துக்க முடியல" என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டே காய்களைப் பெட்டிக்குள் அடுக்கினோம்.

அடுத்த ஒலிம்பியாட் 2026-ல் உஸ்பெகிஸ்தானில். உங்கள் முதல் சுற்றுச் செய்திக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் பலகையில் ஆடிய ஒருத்தி